சந்திரசேகர் – எடிங்டன்: வில்லன் கதை போதும், அந்த மனுஷன் செய்த வேலையைப் பேசுவோமா?

#1 வானம்பாடி

வாட்ஸப்பில் அந்த ஃபார்வர்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 19 வயதுப் பையன் கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்டான், வெள்ளைக்காரன் சபையில் வைத்துக் கேலி செய்தான், 50 வருஷம் கழித்து நோபல் தேடி வந்தது. கீழே ஒரு கொடி, ரெண்டு கும்பிடு, "பகிரவும்".

இதில் பெரிய பொய் எதுவும் இல்லை. 1930 ஜூலை 31 அன்று வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் பில்ஸ்னா என்ற கப்பலில் ஏறியது நிஜம். எரிந்து முடிந்த நட்சத்திரம் எவ்வளவு நிறை வரை தாங்கும் என்ற கணக்கு அது; வெனிஸ் போய்ச் சேர்வதற்குள் அதன் முக்கியமான திருப்பத்தைப் பிடித்துவிட்டதும் நிஜம். 1935 ஜனவரியில் பிரிட்டனின் பெரிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அவரை லண்டனில் அவமானப்படுத்தியதும் நிஜம்தான்.

என் கடுப்பு வேறு. ஃபார்வர்டு 1935-இல் நின்றுவிடுகிறது, அப்புறம் நேரே 1983. நடுவில் இருக்கிற 48 வருஷம் அவர் அழுதுகொண்டா உட்கார்ந்திருந்தார்? 1995 ஆகஸ்டில் இறக்கிற வரைக்கும் வேலை செய்த ஆள். நம்மில் எத்தனை பேருக்கு அவர் வேறு என்ன செய்தார் என்று ஒரு வரி சொல்லத் தெரியும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எடிங்டனைத் திட்டவேண்டும் என்றால் வேறு இழை திறந்து திட்டலாம்.

#2 நெல்லைச்சீமை

அண்ணாச்சி, அது எப்படி எடிங்டனை விட்டுட்டுப் பேசுறது? அந்த ஒரு நாள்தான் மனுஷன் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது.

தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். 1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டன் பர்லிங்டன் ஹவுஸ்ல ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகருக்கு 24 வயசு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. அதுக்கு முந்தின மாசமெல்லாம் எடிங்டன் அவர் ரூமுக்கு அடிக்கடி வருவார், கணக்கு எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்ப்பார். கணக்குப் போடக் கைமெஷின்கூட ஏற்பாடு பண்ணிக் கொடுத்தது அவர்தான். தானும் அதே கூட்டத்துல அதே விஷயத்துக்கு எதிரா பேசப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் சந்திராவுக்கே தெரிஞ்சது.

இவர் பேசி உட்கார்ந்தார். அவர் எந்திரிச்சார். சந்திரா சொல்றபடி பார்த்தா நட்சத்திரம் சுருங்கிக்கிட்டே போகணும், கடைசியில ஈர்ப்பு ஒளியையே வெளியே விடாது, இப்படி ஒரு நட்சத்திரம் கோமாளித்தனமா நடக்காம இருக்க இயற்கையில ஒரு சட்டம் இருக்கணும்னு சொன்னார். சபை சிரிச்சது. நல்லா கவனிங்க: கருந்துளையை 1935-லயே சரியா வர்ணிச்சவர் எடிங்டன்தான். வர்ணிச்சு, அதனாலயே தப்புன்னு சொன்னார்!

இதைப் பேசாம என்னத்தைப் பேச?

#3 முதலாமாண்டு

அண்ணா, எல்லோரும் "எல்லை எல்லை" என்கிறீர்கள். வெண்குறுமீனின் நிறை 1.4 சூரியனைத் தாண்டாது என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியாயிற்று. அது ஏன் வருகிறது என்று யாராவது புரிகிற மாதிரி சொல்வீர்களா?

#4 ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, முயன்று பார்க்கிறேன். 31 வருஷம் பிளஸ் டூவுக்கு எடுத்த பழக்கம், கொஞ்சம் நீளும்.

சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி, பூமி அளவுக்கு வந்துவிடுகிறது. அதுதான் வெண்குறுமீன். சிரியஸ் நட்சத்திரத்தின் துணை அப்படிப்பட்டது: சூரியனின் நிறை, பூமியைவிடச் சற்றே சிறிய உருவம். அதில் ஒரு கன சென்டிமீட்டர் இரண்டு டன்னுக்கு மேல். உள்ளே நெருப்பு இல்லை. அப்படியானால் தன் எடையையே தாங்கிக்கொண்டு எப்படி நிற்கிறது?

எலக்ட்ரான்கள் தாங்குகின்றன. பவுலி விதிப்படி ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. கிட்டங்கியில் நெல் மூட்டை அடுக்குகிற மாதிரி நினைத்துக்கொள். தரை நிறைந்துவிட்டால் அடுத்த மூட்டை மேலேதான் போகவேண்டும். கிட்டங்கிச் சுவரை உள்ளே தள்ளித் தரையைக் குறைத்தால் அடுக்கு இன்னும் உயரும். நட்சத்திரத்தைச் சுருக்கச் சுருக்க எலக்ட்ரான்கள் மேல்நிலைகளுக்குத் துரத்தப்படுகின்றன. அதாவது வேகம் கூடுகிறது. வேகமாக ஓடுகிற எலக்ட்ரான் வெளியே தள்ளும். குளிர்ந்து போனாலும் இந்த அழுத்தம் போகாது. இவ்வளவையும் 1926-இலேயே கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலர் சொல்லிவிட்டார். அதில் எல்லை எதுவும் இல்லை. எவ்வளவு பெரிய நட்சத்திரமும் கடைசியில் நிம்மதியாக வெண்குறுமீனாகப் படுத்துவிடலாம்.

கப்பலில் இருந்த பையன் கேட்டது ஒரே கேள்வி: அந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகம்? போட்டுப் பார்த்தால் ஒளிவேகத்தை நெருங்குகிறது. அப்படியானால் ஃபௌலர் பயன்படுத்திய பழைய சூத்திரம் செல்லாது; ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் நிலைமை மாறுகிறது. ஆற்றலை எவ்வளவு ஏற்றினாலும் எலக்ட்ரான் ஒளியை மிஞ்ச முடியாது. அதனால் சுருக்கச் சுருக்கக் கிடைக்கும் எதிர்ப்பு முன்பு எதிர்பார்த்த அளவுக்கு ஏறுவதில்லை. ஈர்ப்புக்கோ அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை.

அடுத்த படி கணக்கு. அதைக் கணக்குப்புலி சார் செய்தால் அழகாக இருக்கும்.

#5 கணக்குப்புலி

கூப்பிட்டதற்கு நன்றி வாத்தியாரே. சூத்திரம் இல்லாமல், அடுக்குகளை மட்டும் வைத்துச் செய்துவிடலாம்.

நட்சத்திரம் நிற்கத் தேவையான அழுத்தம் = நிறையின் வர்க்கம் ÷ ஆரத்தின் 4-ஆம் அடுக்கு. (மாறிலிகளை விட்டுவிட்டேன்.)

மெதுவான எலக்ட்ரான்கள் தருவது: அடர்த்தியின் 5/3 அடுக்கு. அடர்த்தி என்பது நிறை ÷ ஆரத்தின் கனம். ஆகவே நிறையின் 5/3 அடுக்கு ÷ ஆரத்தின் 5-ஆம் அடுக்கு. இரண்டு பக்கத்திலும் ஆரம் வேறு வேறு அடுக்கில் இருக்கிறது. எனவே எந்த நிறை கொடுத்தாலும் அதற்கு ஒரு ஆரம் கிடைக்கும். நிறை கூடினால் ஆரம் குறையும், அவ்வளவுதான்.

ஒளிவேகத்தை ஒட்டிய எலக்ட்ரான்கள் தருவது: அடர்த்தியின் 4/3 அடுக்கு. அதாவது நிறையின் 4/3 அடுக்கு ÷ ஆரத்தின் 4-ஆம் அடுக்கு. இப்போது இரண்டு பக்கமும் ஆரத்தின் 4-ஆம் அடுக்கு. அடித்துவிடுங்கள். ஆரம் காணாமல் போகிறது, நிறை மட்டும் மிஞ்சுகிறது: ஒரே ஒரு நிறை. அதைத் தாண்டினால் எந்த ஆரத்திலும் சமநிலை இல்லை.

எனக்கு இதில் மயிர்க்கூச்செறிகிற இடம் எது என்றால், அந்த நிறை எவற்றால் ஆனது என்று பார்ப்பதுதான். பிளாங்க் மாறிலி, ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை. வேறொன்றும் இல்லை. பரிமாணம் சரியாக வரும்படி நான்கையும் சேர்த்தால் 3.7×10³⁰ கிலோ, சூரியனைப்போல் 1.86 மடங்கு. மேசையில் வைத்து அளக்கிற நான்கு எண்கள் சேர்ந்து ஒரு நட்சத்திரத்தின் எடையைச் சொல்கின்றன.

முழுக் கணக்கில் எல்லை 5.76 ÷ மியூவின் வர்க்கம், சூரிய நிறையில். மியூ என்பது ஒரு எலக்ட்ரானுக்கு எத்தனை நியூக்ளியான் (புரோட்டான், நியூட்ரான் இரண்டும் சேர்த்து) என்பது. ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் எல்லாவற்றுக்கும் 2. எனவே 1.44. அவருடைய முதல் கட்டுரையில் 0.91 என்று இருக்கும். கணக்கில் கோளாறு இல்லை, அந்தக் காலத்து வழக்கப்படி மியூவை 2.5 என்று எடுத்துக்கொண்டார். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

#6 முதலாமாண்டு

ஆரம் அடிபட்டுப் போகிறது என்பதை ஒருத்தர்கூடச் சொல்லித் தரவில்லை சார். 🙏

#7 பருத்தித்துறையான்

நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறியள். ஆனா ஒண்டு சொல்லவேணும், கோவிக்கக் கூடாது.

சந்திரசேகர்தான் முதன்முதல் எல்லை கண்டவர் எண்டு எல்லாரும் எழுதுகினம். 1929-இல எஸ்தோனியாவில தார்த்து நகரத்தில இருந்த வில்ஹெல்ம் ஆண்டர்சன், ஃபௌலரின்ர கணக்கில சார்பியல் விளைவைச் சேர்க்கவேணும் எண்டு எழுதிப்போட்டார். 1930-இல லீட்ஸில இருந்த எட்மண்ட் ஸ்டோனர் அதைத் திருத்தி, ஒரு உச்சத் திணிவு இருக்கு எண்டும் காட்டிப்போட்டார். பிறகு 1932-இல லந்தாவு தன்ர வழியில அதே இடத்துக்கு வந்தவர்.

வித்தியாசம் என்னெண்டா, ஸ்டோனர் நட்சத்திரம் முழுக்க ஒரே அடர்த்தி எண்டு வைச்சுக்கொண்டு செய்தவர். சந்திரசேகர்தான் நடுவில அடர்த்தி கூடி விளிம்பில குறையுற உண்மையான அமைப்பை வைச்சு, இலத்திரன் அமுக்கத்தையும் ஈர்ப்பையும் அடுக்கு அடுக்காச் சமப்படுத்திச் செய்தவர். அது பெரிய வித்தியாசம்தான். எண்டாலும் ஸ்டோனரின்ர பேர் ஒருக்காலும் வாறேல்லையே?

#8 நெல்லைச்சீமை

வந்துட்டாங்கய்யா. எடிங்டன் ஒருபக்கம் பிடுங்கினார், இப்ப ஸ்டோனருக்கும் பங்கு கொடுக்கணுமாக்கும்.

#9 பருத்தித்துறையான்

பங்கு பிரிக்க இது காணி வழக்கு இல்லை அண்ணை. சந்திரசேகரே தன்ர கட்டுரையில ஸ்டோனரைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு இல்லாத கோவம் உங்களுக்கு ஏன்?

#10 வானம்பாடி

பருத்தித்துறையான் சொன்னது சரி. 1931-இல் அமெரிக்காவின் வானியற்பியல் சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரை மொத்தமே இரண்டு பக்கம்தான். ஃபௌலரிடம் காட்டினார், அவர் மில்ன் என்ற வானியற்பியலாளரிடம் காட்டினார், இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு வைத்துக்கொண்டார்கள். கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டே கட்டுரையைக் கடல் தாண்டி அனுப்பவேண்டிய நிலை. அதைப் பார்த்து எடிங்டனுக்கு முன்பே ஒரு குளிர்ந்த வரவேற்பு இருந்திருக்கிறது என்று புரிகிறது.

எனவே எடிங்டனைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு இழை நகரட்டும்.

முதலில், அவருக்கு ஏன் அது பிடிக்கவில்லை? பொறாமை என்பார்கள், நிறம் என்பார்கள். எனக்குத் தோன்றுவது இது. வெண்குறுமீன் குளிர்வதற்கே ஆற்றல் தேவைப்படுமோ என்ற புதிரை முதலில் எழுப்பியவர் எடிங்டன். ஃபௌலர் 1926-இல் அதைத் தீர்த்தபோது நிம்மதி அடைந்தவரும் அவரே. இந்தப் பையன் வந்து, பெரிய நட்சத்திரங்களுக்கு அந்தத் தீர்வு செல்லாது என்கிறான். போதாக்குறைக்கு அந்த வருஷங்களில் எடிங்டன் குவாண்டம் கொள்கையையும் சார்பியலையும் தன் வழியில் இணைக்கும் முயற்சியில் ஆழ்ந்திருந்தார். நுண்கட்டமைப்பு மாறிலியின் (மின்விசையின் வலுவைச் சொல்லும் எண்) தலைகீழ் 136 என்று நிரூபித்தார். அளவீடு 137 பக்கம் போனதும் அதற்கும் ஒரு நிரூபணம் கொடுத்தார். அப்படிப்பட்டவர் சந்திராவின் சூத்திரத்தைப் பார்த்து, இரண்டு கொள்கைகளுக்கும் நடந்த அந்தக் கல்யாணமே முறையற்றது, பிறந்த பிள்ளையை ஏற்கமுடியாது என்று சபையில் சொன்னார். சொந்தக் கோட்டையைக் காப்பாற்றிக்கொள்ள நடந்த சண்டை இது.

இரண்டாவது, என்னை அதிகம் உறுத்துவது எடிங்டன் அல்ல. வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். சந்திரா கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். அவர் நீல்ஸ் போரிடம் காட்டினார். பவுலியிடமும் போனது. எல்லோருக்கும் ஒரே கருத்து: எடிங்டன் சொல்வதில் பொருளில்லை. பவுலி விதி பற்றிய தகராறில் பவுலியே தீர்ப்புச் சொல்லத் தயார், ஆனால் தனியாக! அச்சில் ஒரு பத்தி எழுத யாரும் வரவில்லை. அதே 1935 ஜூலையில் பாரிஸில் சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டம். எடிங்டன் ஒரு மணி நேரம் பேசினார். சந்திரா பதில் சொல்ல அனுமதி கேட்டுச் சீட்டு அனுப்பினார். தலைமை வகித்த அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் வேண்டாம் என்றார். எடிங்டன் சொல்வதை நாங்கள் நம்பவில்லை என்று சந்திராவிடம் தனியே சொன்னவரும் அதே ரஸ்ஸல்தான்.

கடைசியில் அச்சில் மறுப்பு வந்தது 1942-இல். டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் என்ற இயற்பியலாளர்கள் மூன்று பேரும் எழுதினார்கள். ஏழு வருஷம். 24 வயசுப் பையனுக்கு ஏழு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசியுங்கள்.

#11 கருப்பு வெள்ளை

நிறத்தை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போய்விட்டீர்களே. எடிங்டன் மனதில் என்ன இருந்தது என்பதை விடுங்கள். அமெரிக்காவில் நடந்தது ஆவணத்தில் இருக்கிறது. 1937 ஜனவரியில் சந்திரா சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். மறு வருஷம் அதன் இயக்குநர் ஓட்டோ ஸ்ட்ரூவ, இவர் சிகாகோ வளாகத்தில் பாடம் எடுக்கட்டும் என்றபோது, டீன் ஹென்றி கேல் மறுத்தார். காரணம் தோல். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் நேரடியாகத் தலையிட்டு எடுக்கச் சொன்னார். அதே கேல் எடிங்டன் அளவுக்குப் புத்திசாலியாக இருந்திருந்தால், அவருக்கும் நாம் ஒரு கொள்கை விளக்கம் தேடிக்கொண்டிருப்போமோ என்னவோ.

#12 வானம்பாடி

கேல் விஷயம் அப்பட்டமான நிறவெறி, அதில் பேச்சே இல்லை. ஆனால் எடிங்டனிடம் அதே தராசைத் தூக்கினால், அவர் மில்னோடும் ஜீன்ஸோடும் போட்ட சண்டைகளை எங்கே வைப்பீர்கள்? அவர்களையும் இதே கேலியோடுதான் கிழித்தார்.

#13 கருப்பு வெள்ளை

மில்னுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் நாற்காலி. ஜீன்ஸ் சர் பட்டம் வாங்கியவர். கேலி ஒன்றாக இருக்கலாம், விழுகிற உடம்பு ஒன்றா? அந்தச் சபையில் எழுந்து திருப்பிக் கொடுக்க யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதிலும் நிறம் இருக்கிறது. நான் சொல்வது அவ்வளவுதான்.

#14 நெல்லைச்சீமை

இது அடி! 👏

#15 மட்டுறுத்துநர்

எமோஜி சண்டைக்கு இழை பூட்டப்படும். சந்திரசேகர் எங்கே?

#16 ஓய்வுபெற்ற வாத்தியார்

இருவரும் அவரவர் நிலையில் இருக்கலாம். சந்திரசேகர் எடிங்டனை எப்படி நடத்தினார் என்பதையும் பதிந்துவிடுகிறேன்.

இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். சேர்ந்து தேநீர் குடித்தார்கள், கடிதம் எழுதிக்கொண்டார்கள். எடிங்டனுக்குச் சைக்கிள் பித்து. ஒரு எண் வைத்திருந்தார்: இத்தனை மைல், அல்லது அதற்கு மேல், அத்தனை நாட்கள் ஓட்டியிருக்கவேண்டும். இறக்கும்போது அந்த எண் 84. கடிதங்களில் அது எங்கே நிற்கிறது என்று சந்திராவுக்குத் தவறாமல் தெரிவித்திருக்கிறார். 1944-இல் எடிங்டன் இறந்தபோது சந்திரா நிகழ்த்திய அஞ்சலி உரையில் அவரது நேர்மையைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. 1982-இல் எடிங்டன் நூற்றாண்டுக்கு டிரினிட்டி அழைத்தது, போய்ப் பேசினார். தன் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றார்.

பெருந்தன்மை என்று விட்டுவிடலாம். ஆனால் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னது இன்னும் கூர்மையானது. எடிங்டன் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் வானியலுக்கு நல்லதாக இருந்திருக்கும், தனக்கு நல்லதாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை, அந்த வயதில் அப்படி ஒரு புகழ் தன்னை என்ன செய்திருக்கும் என்று தெரியவில்லை என்ற பொருளில் சொன்னார்.

#17 சிகாகோ குளிர்

வானம்பாடி கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, 16 பதிவு ஓடிவிட்டது. நான் தொடங்குகிறேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன், துறையும் வானியற்பியல்தான்.

1935-க்குப் பிறகு அவர் முன்னால் இரண்டு வழி. காலம் முழுக்க எடிங்டனோடு மல்லுக்கட்டுவது. அல்லது தனக்குத் தெரிந்ததை ஒரு புத்தகமாக எழுதி மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1939-இல் நட்சத்திர அமைப்பு பற்றிய நூல் வந்தது. எல்லைக் கணக்கு அதிலே ஒரு அத்தியாயம், புலம்பல் ஒரு வரிகூட இல்லை. அத்தோடு அந்தத் துறையை விட்டே போய்விட்டார்.

பிறகு இதுவே அவர் வாழும் முறையாகிவிட்டது. ஒரு துறைக்குள் நுழைவார், ஐந்து முதல் பத்து வருஷம் வரிசையாகக் கட்டுரை எழுதுவார், கடைசியில் ஒரு தடிமனான நூல், பிறகு கதவைச் சாத்திவிட்டு அடுத்த துறை. நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், 1942. கதிர்வீச்சுப் பரிமாற்றம், 1950. பாய்மங்களின் நிலைத்தன்மை, 1961. சுழலும் நீள்கோளங்கள், 1969. கருந்துளைகளின் கணிதம், 1983. நம்மில் ஒருவர் இதில் ஒன்றைச் செய்தாலே போதும் என்று ரிட்டயர் ஆகிவிடுவோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு.

ஒன்று, 1943-இல் அவர் கண்ட இயக்க உராய்வு. வெற்றிடத்தில் ஏது உராய்வு என்று கேட்கலாம். ஒரு கனமான நட்சத்திரம் சிறு நட்சத்திரங்களின் கூட்டத்துக்குள் போகும்போது, கடந்து போனவற்றைத் தன் பின்னால் சற்றே குவித்துவிடுகிறது. அந்தக் குவியல் அதைப் பின்னால் இழுக்கிறது. எதையும் தொடாமலே வேகம் குறைகிறது. இன்றைக்கு இரண்டு விண்மீன்மண்டலங்கள் மோதி ஒன்றாவதையும், அவற்றின் கருந்துளைகள் நடுவில் போய்ச் சேர்வதையும் விளக்க இதைத்தான் எடுக்கிறோம்.

இரண்டு, சூரியனின் ஒளிபுகாத் தன்மை. சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அதன் மேற்பரப்பு வெப்பத்தில் சாதாரண ஹைட்ரஜன் அணு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. ஆனாலும் சூரியனுக்கு அவ்வளவு கூர்மையான விளிம்பு. நாம் பார்க்கும் படலம் சில நூறு கிலோமீட்டர்தான். ஒளியைத் தடுப்பது எது? ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்ட ஹைட்ரஜன், அதாவது எதிர்மின் ஹைட்ரஜன் அயனி என்று 1939-இல் ரூபர்ட் வில்ட் சொன்னார். அந்தக் கூடுதல் எலக்ட்ரானின் பிடி மிகத் தளர்வு, 0.75 எலக்ட்ரான் வோல்ட். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதைக் கழற்றிவிடும். எவ்வளவு ஒளியை விழுங்கும் என்று துல்லியமாகக் கணக்கிடுவது பெரிய தலைவலி. சந்திரா அதை வருஷக்கணக்கில் துரத்தி, 1946-இல் பிரீனோடு சேர்ந்து முடித்தார். நாம் தினமும் பார்க்கிற சூரிய வெளிச்சத்தின் நிறப்பகிர்வு அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது.

இதையெல்லாம் எந்த ஃபார்வர்டிலும் பார்த்ததில்லை. நாடகம் இல்லையே, யார் அனுப்புவார்கள்?

#18 கணக்குப்புலி

வானத்தின் நீலத்தையும் சேருங்கள். ஒரு முறை சிதறும் ஒளியை ராலே 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார். பலமுறை சிதறினால்? அதோடு ஒளியின் முனைவாக்கத்தையும் (ஒளி அலை ஒரே திசையில் அதிர்வது) சேர்த்தால்? யாராலும் முழுதாகச் செய்ய முடியாமல் கிடந்ததைச் சந்திரா தீர்த்தார். வானத்தில் முனைவாக்கம் இல்லாமல் போகும் சில புள்ளிகளை அரகோ, பாபினே, புரூஸ்டர் மூவரும் முன்பே கண்டிருந்தார்கள். அவை அந்தச் சமன்பாடுகளிலிருந்து தானாக வந்து விழுந்தன.

#19 மயிலாப்பூர் மாமி

பெரியவர்கள் எல்லாம் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மா சீதாலட்சுமி. பத்துப் பிள்ளைகள் பெற்றவர். இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர், அந்தக் காலத்தில்! வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணின் கதையை யார் உட்கார்ந்து தமிழாக்குவார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் தணிக்கையில் வேலை, அதனால்தான் பிள்ளை பிறந்தது லாகூரில். மகனுக்கு இங்கிலாந்து உதவித்தொகை கிடைத்தபோது அம்மா நோயில் கிடந்தார். போகாதே என்று சுற்றத்தில் சொன்னார்கள். போ என்று சொன்னவர் அவர்தான். 1931 மே மாதம் இறந்துபோனார், மகன் கேம்பிரிட்ஜில் இருந்தான். கப்பல் கதை சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொருவர் லலிதா. சந்திரசேகரின் மனைவி. பிரசிடென்சி கல்லூரியில் அவரும் இயற்பியல், வகுப்பில் ஒரு வருஷம் கீழே. 1936 செப்டம்பரில் கல்யாணம். படித்த படிப்பை வைத்துவிட்டு, விஸ்கான்சினில் வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊரில், பனியில், 27 வருஷம் குடித்தனம். 1964-இல்தான் சிகாகோவுக்குக் குடிபோனார்கள். 2013-இல் 102 வயதில் காலமானார். இவருடைய இயற்பியல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு, சந்திரசேகர் மீதும் கொஞ்சம்.

#20 சிகாகோ குளிர்

மாமி சொல்வது நியாயம்.

வில்லியம்ஸ் பே என்றதும் ஒன்று. அங்கிருந்து சிகாகோ வளாகத்துக்குக் காரில் போய்ப் பாடம் எடுப்பார், ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள், பிற்பாடு அந்த வகுப்பு முழுவதும் நோபல் வாங்கியது என்று இங்கே ஒரு கதை பிரபலம். லீயும் யாங்கும், 1957. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறிய கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு பேரும் அவரிடம் படித்தது உண்மை.

இன்னொரு கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1946-இல் பிரின்ஸ்டன் அழைத்தது, ரஸ்ஸல் ஓய்வுபெற்ற இடத்துக்கு. ஆமாம், பாரிஸில் பேசவிடாத அதே ரஸ்ஸல். சந்திரா கிட்டத்தட்டக் கிளம்பிவிட்டார். ஹட்சின்ஸ் சம்பளத்தைச் சமமாக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: ரஸ்ஸல் நாற்காலி பெருமைதான், கெல்வின் நாற்காலிக்குக் கிளாஸ்கோவில் அடுத்து வந்தவர் யார் தெரியுமா? தெரியவில்லை. தங்கிவிட்டார்.

1952 முதல் 1971 வரை வானியற்பியல் சஞ்சிகையின் ஆசிரியர். பல்கலைக்கழகத்தின் சொந்தச் சஞ்சிகையாக இருந்ததை நாட்டின் வானியல் சங்கத்துக்கு உரியதாக்கிக் கொடுத்தார். 19 வருஷம், சொந்த ஆராய்ச்சியையும் விடாமல். 1931-இல் அந்த இரண்டு பக்கக் கட்டுரை வந்ததும் இதே சஞ்சிகையில்தான்.

#21 கருப்பு வெள்ளை

ஒரு நேர்மையான கேள்வி. எடிங்டன் தடுக்காமல் இருந்திருந்தால் கருந்துளை 30 வருஷம் முன்னாலேயே வந்திருக்கும் என்கிறார்களே?

#22 சிகாகோ குளிர்

எனக்கு நம்பிக்கை இல்லை. தடுத்தும் நிற்கவில்லையே. 1934-இல் பாடேயும் ஸ்விக்கியும் நியூட்ரான் நட்சத்திரம் (வெண்குறுமீனைவிடவும் நெருக்கமாகச் சுருங்கியது) பற்றிப் பேசிவிட்டார்கள். 1939-இல் ஓப்பன்ஹைமர், வோல்கோஃபோடு நியூட்ரான் நட்சத்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று காட்டினார். அதே வருஷம் ஸ்னைடரோடு சேர்ந்து நட்சத்திரம் நிற்காமல் உள்ளே விழுவதைக் கணக்கிட்டார். எடிங்டன் உயிரோடு இருந்தபோதே. யாரும் கண்டுகொள்ளாததற்குக் காரணம் பார்க்க ஒன்றும் இல்லாததுதான். எக்ஸ்ரே தொலைநோக்கி இல்லை, ரேடியோ வானியல் தவழ்கிற பருவம். போர் வந்தது, எல்லோரும் குண்டுக்கும் ராடாருக்கும் போய்விட்டார்கள். கனமான நட்சத்திரங்கள் சாகுமுன் நிறையை உதறிவிடும், பிரச்சினை வராது என்ற ஆறுதலும் இருந்தது. அது பாதி உண்மையும்கூட. 1967-இல் ஜோஸ்லின் பெல் பல்சரை, அதாவது ரேடியோவில் துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரத்தை, பிடித்த பிறகுதான் துறை விழித்தது.

தனி மனிதருக்கு இழப்பு. துறைக்கு 30 வருஷ இழப்பு என்பது கொஞ்சம் கதை.

#23 நெல்லைச்சீமை

1983 நோபல் பத்தியும் ஒரு வார்த்தை. அறிவிப்பு வந்தது அக்டோபர் 19, அவரோட 73-வது பொறந்தநாள். வில்லியம் ஃபௌலரோட பங்கு. (ரால்ஃப் ஃபௌலர் வேற ஆளு, குழப்பிக்காதீங்க.) சித்தப்பா சி.வி. ராமன் வாங்கினது 1930, இவர் கப்பல் ஏறின அதே வருஷம். விருதுக் குறிப்புல அந்தச் சின்ன வயசு வேலையைத் தூக்கிப் பிடிச்சதுல அவருக்கு அவ்வளவா சந்தோஷம் இல்லைன்னு படிச்சிருக்கேன். வானம்பாடி அண்ணாச்சி கட்சிதான் போல!

#24 வானம்பாடி

அப்பாடா, ஒருவழியாக. அதே 1983-இல்தான் கருந்துளைக் கணித நூலும் வெளிவந்தது. 60 வயதுக்கு மேல் தொடங்கிய துறை அது, சுழலும் கருந்துளையை வர்ணிக்கும் கெர் தீர்வில் மயங்கிப்போய். எண்ணற்ற கருந்துளைகள் ஒவ்வொன்றையும் ராய் கெர் கண்ட ஒரே தீர்வு அணுவும் பிசகாமல் வர்ணிக்கிறது என்று உணர்ந்ததே தன் அறிவியல் வாழ்க்கையில் தன்னை மிகவும் உலுக்கியது என்று 1975-இல் ஓர் உரையில் சொன்னார். எடிங்டன் சிரித்த அதே பொருளின் மேல் நடந்த ஆராய்ச்சி.

#25 முதலாமாண்டு

கடைசியாக ஒன்று. வெண்குறுமீனை நேரில் பார்க்க முடியுமா? பள்ளி நண்பரிடம் 5 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது.

#26 பருத்தித்துறையான்

சிரியஸின்ர துணையை முயற்சிக்காதை தம்பி. பெரிய நட்சத்திரத்தின்ர வெளிச்சம் விழுங்கிப்போடும். 40 எரிடானி எண்டு ஒண்டு இருக்கு, 16 ஒளியாண்டு தூரம். ஓரியனில ரைகல் தெரியுமோ? அதுக்கு மேற்காலத் தேடு. டிசம்பர், ஜனவரி பின்னேரம் எட்டு ஒன்பது மணிக்கு நல்லா உயரத்தில நிக்கும். பிரதான நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே மங்கலாத் தெரியும். தொலைநோக்கியில பார்த்தா அதிலயிருந்து நல்லா விலகி, ஒன்பதரை அளவு பிரகாசத்தில ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான். 5 அங்குலம் தாராளமாக் காணும். நகர வெளிச்சம் இல்லாத இடமாப் பார்.

#27 கணக்குப்புலி

அதன் நிறை சூரியனில் 0.57 அளவு. எல்லைக்கு வெகு கீழே. பயப்படாமல் பார்க்கலாம்.